மனநல மையத்தின் பின்கதவு

ஜனவரி 2, செவ்வாய்

இன்று முற்பகல் பதினொன்று நாற்பதுக்கு, முக்கால் மணி நேர விவாதத்துக்குப் பிறகு, கல்லூரி மனநல ஆலோசனை மையத்தின் திரைச்சீலை இளம்பச்சை நிறத்தில் அமையும் என்று ஒருமனதாக முடிவானது. நீலம்தான் வேண்டும் என்று வாதிட்டவர் இயற்பியல் துறைத் தலைவர் ஒருவரே. தேநீர் வந்ததும் அவரும் வழிக்கு வந்தார். எங்கள் கல்லூரியின் முப்பத்தொன்பது ஆண்டு வரலாற்றில் மாணவர்களின் மனம் குறித்து எடுக்கப்பட்ட முதல் முடிவு இது. வரலாற்றுத் துறைத் தலைவன் என்ற முறையில் தேதியையும் நேரத்தையும் இங்கே பதிகிறேன். பின்னாளில் யாரும் தவறாகக் குறித்துவிடக் கூடாது.

மையத்தின் ஒருங்கிணைப்பாளராக என்னை முதல்வர் அம்மா நியமித்திருக்கிறார். பிப்ரவரி மூன்றாம் வாரம் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. "செல்வநம்பி சார், போன தடவை இது இல்லாமதான் கிரேடு போச்சு. பசங்க வரணும். வந்ததுக்கு எழுத்துல ஆதாரம் இருக்கணும்" என்றார். இரண்டாவதைச் சொல்லும்போது மட்டும் மேசையைத் தட்டினார்.

அறை, பழைய விளையாட்டுப் பொருள் அறை. குண்டெறியும் குண்டுகள் இரண்டு இன்னும் உள்ளேதான் கிடக்கின்றன. தூக்க ஆள் கிடைக்கவில்லை. முன்கதவு அலுவலக வராந்தாவில், உதவித்தொகைப் படிவத்துக்கு மாணவர்கள் வரிசையில் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே. பின்கதவு சைக்கிள் நிறுத்தத்தின் பக்கம். திறந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

வரும் வழியில் அரைக் கிலோ சின்ன வெங்காயம் வாங்கினேன். மகன் இளம்பரிதி தன் அறையிலேயே சாப்பிட்டான். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான்.

ஜனவரி 5, வெள்ளி

ஆலோசகர் வந்துவிட்டார். பெயர் நஸ்ரின். வயது இருபத்தேழு இருக்கலாம். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் மாவட்டத் தலைநகரிலிருந்து பேருந்தில் வருவார்.

நான் வடிவமைத்த பதிவேட்டைக் காட்டினேன். பெயர், வகுப்பு, எண், ஊர், பெற்றோரின் கைபேசி எண், வந்த காரணம், கையொப்பம் என ஏழு பத்திகள்.

"சார், இத்தனையும் எழுதி முடிக்கிறதுக்குள்ள வந்த பிரச்சினையே மறந்துடும்."

"மறந்தால் அதுவும் பலன்தானே" என்றேன்.

சிரித்தார். நான் நகைச்சுவையாக எதுவும் சொல்லவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச முடியும் என்கிறார். சாத்தக் கூடாது, பாதி திறந்திருக்க வேண்டும் என்பது முதல்வர் அம்மாவின் உத்தரவு. அதற்காகத்தான் திரைச்சீலை என்று விளக்கினேன். அவர் திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல கலர் சார்" என்றார். பச்சையைப் பற்றி வந்த முதல் வெளிக் கருத்து.

ஜனவரி 9, செவ்வாய்

ஒருவரும் வரவில்லை.

பெயர்ப்பலகையின் கீழே யாரோ சாக்பீஸில் 'மெண்டல் வார்டு. செருப்பை வெளியே விடவும்' என்று எழுதியிருக்கிறார்கள். எழுத்துப்பிழை இல்லை. நம் மாணவர்களின் தமிழ் முன்னேறிவருகிறது.

ஜனவரி 12, வெள்ளி

ஒரு துறைக்கு வாரம் ஐந்து பேர் என்று சுற்றறிக்கை விட்டதில் உடனடிப் பலன். இன்று மட்டும் முப்பத்தைந்து பேர்! வராந்தாவே நிரம்பிவிட்டது. துறைத் தலைவர்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை வேதியியல் வகுப்பு வழியாகப் போனபோது அறிந்தேன்.

"லேட்டா வர்ற, பதில் வேற பேசற. கவுன்சிலிங்குக்கு அனுப்பிடவா?"

"வேணாம் சார், வேணாம் சார். நாளையிலேர்ந்து சீக்கிரம் வந்துர்றேன் சார்."

மையத்தின் பெயர் மாணவர்களிடையே பரவியிருப்பது மகிழ்ச்சி.

மாலையில் நஸ்ரின் பதிவேட்டோடு வந்தார். "இதுல முப்பத்தொரு பேருக்கு என்ன பிரச்சினை தெரியுமா சார்? காலைல ஊருக்கு ஒரே ஒரு பஸ்தான். அதுவும் லேட்டா வருது."

'வந்த காரணம்' என்ற பத்தியில் 'பஸ்' என்றுதான் எழுதியிருந்தார்கள். குழுவின் பார்வைக்கு ஏற்ப அதைப் 'பயணம் சார்ந்த மன அழுத்தம்' என்று பச்சை மையில் திருத்தினேன். முப்பத்தொரு முறை எழுதியதில் கை வலிக்கிறது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். இலை இரண்டு, தட்டு ஒன்று. தட்டை என் மனைவி வசுமதி இளம்பரிதியின் அறை வாசலில் வைத்தாள்.

ஜனவரி 19, வெள்ளி

நஸ்ரின் என்னைக் கேளாமலே காவலாளியிடம் சாவி வாங்கி, கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு, பின்கதவைத் திறந்துவிட்டார். சைக்கிள் எடுக்கப் போகிறவர் மாதிரி வந்து உள்ளே நுழைந்துகொள்ளலாம், யாருக்கும் தெரியாது என்கிறார். இன்று ஏழு பேர் அப்படி வந்தார்களாம். யாரும் அனுப்பாமல், தாங்களாக.

"எல்லாம் வீட்டுல முதல் தடவையா காலேஜ் வந்த பிள்ளைங்க சார். வராந்தால அவங்க ஊர்க்காரங்க நிக்கிறாங்க. அவங்க முன்னாடி எப்படி இந்தக் கதவுல நுழைவாங்க?"

பதிவேட்டைப் பார்த்தேன். ஏழு பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு கோடுகள்.

"கோட்டுக்கு அப்பா அம்மா கிடையாதே அம்மா" என்றேன்.

"அதனாலதான் சார் வர்றாங்க."

ஜனவரி 30, செவ்வாய்

கோடுகள் பதினாறு. முதல்வர் அம்மாவுக்கு அனுப்பிய அறிக்கையில் 'பின்கதவுத் திட்டம்' என்று குறிப்பிட்டு, அது ஒருங்கிணைப்பாளரின் யோசனை என்றும் சேர்த்திருக்கிறேன். நிர்வாகத்தில் யோசனைகள் மேலிருந்து வருவது மரபு.

மூன்றாவது பீரியடில் என் வகுப்பு யுவஸ்ரீ பின்கதவு வழியாக வெளியே வந்து, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாருடைய சைக்கிளையோ பூட்டித் திறப்பதுபோல் பாவனை செய்ததைப் பார்த்தேன். அவளிடம் சைக்கிள் இல்லை. இரண்டாமாண்டு வரலாறு, எண் 47. அப்பா செங்கல் சூளையில் வேலை. கேள்வி கேட்டால் சுருக்கமாகவும் சரியாகவும் பதில் சொல்வாள். சென்ற பருவத்தில் வகுப்பில் முதலாவது.

பிப்ரவரி 2, வெள்ளி

மதியம் கண்காணிப்புக்காகச் சைக்கிள் நிறுத்தம் பக்கம் போனேன். பின்கதவுக்கு வெளியே மூன்று ஜோடிச் செருப்புகள். இரண்டு, மாணவிகளுடையவை. மூன்றாவது பழுப்பு நிறம், வயதானவர்கள் அணிவது. இடது வாரில் ஊக்கு குத்தியிருந்தது. போன மாதம் வசுமதியின் செருப்பு சந்தையில் அறுந்தபோது ஊக்கு குத்திக் கொடுத்தவன் நான். அதுவும் இடது வார்தான். இத்தகைய செருப்புகள் ஊரில் நிறைய இருக்கும்.

உள்ளே ஒரு பெண் குரல், "பதினோரு மாசம் ஆச்சும்மா. குளிக்கக்கூட ராத்திரி நாங்க தூங்கினப்புறம்தான் வெளிய வர்றான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மாணவர் அல்லாதவர்கள் மையத்தைப் பயன்படுத்துவது விதிமீறல். இது பற்றி யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 3, சனி

பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டுப் பின்கதவு பூட்டப்பட்டது. புதுப் பூட்டு. சாவி என்னிடம்.

பிப்ரவரி 4, ஞாயிறு

தலைக்கு எண்ணெய். மதியம் கத்தரிக்காய்க் குழம்பு. சாப்பிடும்போது வசுமதி, "பின்கதவை எதுக்குப் பூட்டினீங்க?" என்றாள்.

அந்த அறைக்குப் பின்கதவு இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மோர் ஊற்றச் சொன்னேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

கோடுகள் இல்லை. பெயர்களும் இல்லை.

மதிய இடைவேளையில் யுவஸ்ரீ துறைக்கு வந்தாள். அறையில் நான் மட்டும் இருந்தேன். கதவோரமே நின்றாள்.

"சார், அந்தப் பின்கதவு பூட்டியிருக்கு."

"ஆமாம்."

"சாவி உங்ககிட்டதான் இருக்குன்னு வாட்ச்மேன் சொன்னாரு. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் திறந்துவிடச் சொல்றீங்களா சார்? அரை மணி நேரம் போதும்."

முன்கதவு திறந்துதானே இருக்கிறது என்றேன்.

"முன்னாடி எங்க மாமா பொண்ணு நிக்கும் சார். பி.காம். அதுக்குத் தெரிஞ்சா எங்க ஊருக்கே தெரியும். அந்த மாமாதான் என்னைக் கட்டணும்னு ரெண்டு வருசமா நிக்கிறாரு. மூத்த சம்சாரம் செத்துப்போச்சு சார் அவருக்கு. அப்பாதான், டிகிரி முடிக்கட்டும்னு பிடிவாதமா இருக்காரு. ஆனா ஒரே ஒரு கெட்ட பேரு வரட்டும், அன்னிக்கே நிறுத்திடுவேன்னு சொல்லியிருக்காரு." வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். "எனக்குத் தூக்கமே இல்ல சார். என்னென்னமோ தோணுது. மேடத்துகிட்ட பேச ஆரம்பிச்சப்புறம்தான் நாலு நாளா சாப்பிடுறேன்."

என்னை நம்பி இவ்வளவும் சொன்னாள். எனக்கு நெகிழ்ச்சியாகவே இருந்தது. மனநலம் என்பது மறைக்க வேண்டிய ஒன்றல்ல, முன்கதவு வழியாகத் தலை நிமிர்ந்து வர வேண்டும், உன்னைப் போன்ற பெண்கள்தான் மற்றவர்களுக்கு வழி காட்ட வேண்டும் என்று பத்து நிமிடம் பேசினேன். என் சொற்பொழிவுகளில் இது நன்றாக அமைந்தது.

"சரிங்க சார்" என்றாள். பிறகும் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

பிப்ரவரி 9, வெள்ளி

குழுவுக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள். 'தொடர்ந்து பயன்பெறும் மாணவர்கள்' பட்டியல் வேண்டும் என்கிறார் முதல்வர் அம்மா. நஸ்ரினிடம் கேட்டேன்.

"தர மாட்டேன் சார்."

"ஒரு பெயராவது?"

"அரைப் பெயர்கூடத் தர மாட்டேன். என்கிட்ட சொன்னது என்கிட்டயே இருக்கும்னு சொல்லித்தான் பேச வச்சிருக்கேன்."

ஒப்பந்தப் பணியாளர் பேசும் பேச்சா இது? இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். ஒரு பெயர் அவர் தராமலே என்னிடம் இருக்கிறது.

வசுமதி மூன்று நாட்களாகப் பேசவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. எழுத வசதி.

பிப்ரவரி 12, திங்கள்

மனநலம் குறித்த கூச்சத்தை வேரோடு களையும் நோக்கில் நானே எழுதி, முதல்வர் அம்மாவின் கையொப்பம் பெற்ற சுற்றறிக்கை:

'மனநல ஆலோசனை மையத்தைத் துணிவுடன் தொடர்ந்து பயன்படுத்திவரும் இரண்டாமாண்டு வரலாறு மாணவி ம. யுவஸ்ரீ அவர்களைக் கல்லூரி பாராட்டுகிறது. ஏனைய மாணவ மாணவியரும் இவரை முன்மாதிரியாகக் கொண்டு, தயக்கமின்றி முன்கதவு வழியாக வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

அலுவலக உதவியாளர் வீராசாமி வழக்கம்போல வகுப்பு வகுப்பாக எடுத்துப் போனார். பாடம் நடத்துகிறவர் நிறுத்திவிட்டு உரக்கப் படித்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். மொத்தம் முப்பத்தெட்டு வகுப்புகள், முப்பத்தெட்டுக் கையெழுத்துகள். ஒரு வகுப்பும் விடுபடவில்லை. பி.காம். மூன்றும் சேர்த்து.

இரண்டாமாண்டு வரலாற்றுக்கு வந்தபோது வகுப்பில் இருந்தவன் நான்தான். நிறுத்தி, தெளிவாகப் படித்தேன். படித்து முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து:

"டேய், தள்ளி உக்காருடா. கடிச்சிரப் போகுது."

"அதுக்குத்தான் மருந்து போடுறாங்கல்ல, ஒண்ணும் பண்ணாது."

கைதட்டலாம் என்றேன். தட்டினார்கள். எதிர்பார்த்ததைவிட நீண்ட நேரம் தட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யுவஸ்ரீ குனிந்து பெஞ்சுக்கு அடியில் பேனாவைத் தேடினாள். மணி அடிக்கும்வரை கிடைக்கவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

எண் 47 வரவில்லை.

நஸ்ரின் என் மேசைக்கு வந்து உட்காராமல் பேசினார். "அவ சொன்னதுல ஒரு வார்த்தை நான் யாருகிட்டயும் சொல்லல சார். நீங்க முப்பத்தெட்டு வகுப்புல சொல்லிட்டீங்க."

"பாராட்டித்தானே சொன்னோம்?"

அவர் குரலைத் தாழ்த்தி, "சார், நீங்க எப்படி இருக்கீங்க? வீட்ல?" என்றார்.

சம்பந்தமில்லாத கேள்வி. ஒப்பந்தம் மாத இறுதியோடு முடிகிறது என்பதை நினைவுபடுத்தினேன். குழு வரும் நாளில் மட்டும் அவசியம் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அன்று வர மாட்டாராம்.

பிப்ரவரி 15, வியாழன்

பெயர்ப்பலகையின் கீழே புதிய வாசகம்: 'யுவஸ்ரீ நகர்.' வீராசாமியை விட்டு ஈரத் துணியால் துடைக்கச் சொன்னேன். குழு வரும்போது பலகை பளிச்சென்று இருக்க வேண்டும்.

பிப்ரவரி 21, புதன்

குழு வந்தது. மூன்று பேர். தலைவர் வடநாட்டுப் பேராசிரியர், பண்பானவர். மையத்தில் ஒன்பது நிமிடம் இருந்தார்கள். கணினி ஆய்வகத்தில் ஆறு நிமிடம்தான்.

பயனடைந்த மாணவர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். எண் 47 ஒன்பது நாட்களாக வராததால், இளைஞர் விழாவில் நாடகத்துக்குப் பரிசு வாங்கிய இயற்பியல் மாணவன் சிவகிரியைத் தயார் செய்திருந்தேன். "வாழ்க்கையே இருட்டாக இருந்தது ஐயா. இந்த அறைதான் எனக்கு விளக்கு" என்று சொல்லி, இரண்டு நொடி நிறுத்தி, உதட்டைக் கடித்தான். நான் மொழிபெயர்த்தேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே வந்ததும் சிவகிரி, "சார், அழவும் வரும். டைம் இல்லாததால விட்டுட்டேன்" என்றான்.

பதிவேட்டில் பச்சைமைத் திருத்தங்களின் நேர்த்தியைப் பாராட்டினார்கள். பின்கதவைக் காட்டி, அது எங்கே போகிறது என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். எங்கேயும் போவதில்லை என்றேன்.

பிப்ரவரி 22, வியாழன்

வசுமதி பேசினாள். "அந்த நஸ்ரின் பொண்ணோட நம்பர் வேணும்."

அந்தப் பெயரை நான் வீட்டில் சொன்னதே இல்லை. எதற்கு என்று கேட்டேன். இளம்பரிதியின் அறைக் கதவைக் கையால் காட்டினாள். நம்பர் இல்லை என்றேன். என் கைபேசியில் இருக்கிறது. ஊரில் நான் மனநல மையத்தின் ஒருங்கிணைப்பாளர். என் வீட்டுக்கு ஆலோசகர் வந்து போனால் நான்கு பேர் என்ன நினைப்பார்கள்?

மாலையில் வாசல் குழாய்க்கு வாஷர் மாற்றினேன்.

பிப்ரவரி 26, திங்கள்

யுவஸ்ரீயின் அப்பா மருதை வந்தார். விரலிடுக்கில் சூளை மண் இருந்தது. துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. டி.சி. வேண்டும் என்றார். யுவஸ்ரீ வராந்தாவில் நின்றாள். இளைத்திருந்தாள்.

நல்ல மாணவி, அவசரப்பட வேண்டாம் என்று சொன்னேன்.

"நானும் அப்படித்தாங்க சார் நெனச்சேன். இப்ப ஊரெல்லாம், மருதை மவளுக்குப் புத்தி பெரண்டுபோச்சு, காலேஜுலயே காயிதம் படிச்சாங்கன்னு பேச்சு. மச்சான் இன்னும் கட்டிக்கிறேங்கறாரு. நாளைக்கி அவரும் வேணாம்னுட்டா? வர்ற ஞாயித்துக்கெழம வச்சிருக்கோம்."

மனநல ஆலோசனை பெறுவதில் கேவலம் ஒன்றுமில்லை என்று எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு கோபமே இல்லாமல் கேட்டார்:

"நீங்க படிச்சவங்க. உங்க வீட்டுப் புள்ளைய அந்த ரூம்ல கொண்டாந்து உக்கார வப்பீங்களா சார்?"

என் மகன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான் என்றேன்.

அப்போதுதான் யுவஸ்ரீ உள்ளே வந்தாள். "சார், ஏப்ரல் பரிட்சைய மட்டும் எழுதிக்கட்டும்னு அப்பாகிட்டச் சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பாரு. கல்யாணம் அதுக்கப்புறம் வச்சுக்கட்டும்."

மருதை என்னைப் பார்த்தார். நான் சொல்வதைக் கேட்கும் முகமாகத்தான் இருந்தது. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பத்து வேலைநாட்கள் விடுப்பு. முதல் மாதம் காய்ச்சலில் போன நாட்களையும் சேர்த்தால் எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே, எழுபத்து மூன்றுதான் வந்தது. இரண்டு சதவீதத்தைத் துறைத் தலைவர் மன்னிக்கலாம் என்று விதியில் இடம் உண்டு. மருத்துவச் சான்றிதழ் இணைக்க வேண்டும். காரணம் எழுத வேண்டும். என்ன காரணம் எழுதுவது? குழுவின் அறிக்கை இன்னும் வரவில்லை. மையத்தின் பெயர் இந்த நேரத்தில் ஒரு தாளில் அப்படி இடம்பெறுவது உசிதமல்ல.

வருகை குறைவு, எழுத முடியாது என்றேன்.

"அவ்ளோதான் புள்ள" என்றார் மருதை.

டி.சி.யில் விலகும் காரணம்: திருமணம். நடத்தை: நன்று. கையொப்பமிட்டேன். முன்கதவு வழியாகத்தான் போனார்கள். வராந்தா வரிசை ஒதுங்கி வழிவிட்டது.

பிப்ரவரி 29, வியாழன்

குழுவின் தற்காலிக அறிக்கை வந்தது. கல்லூரிக்கு ஒரு படி உயர்வு. மனநல ஆலோசனை மையம் 'பிற கல்லூரிகள் பின்பற்றத்தக்க நடைமுறை' என்று தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. முதல்வர் அம்மா எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். இயற்பியல் துறைத் தலைவர், பச்சை நல்ல தேர்வுதான் என்று ஒப்புக்கொண்டார். நஸ்ரினின் ஒப்பந்தம் இன்றோடு முடிந்தது. அறையின் சாவியை வீராசாமியிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்கு வந்த மைசூர்பாகைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். வசுமதி அதைத் தட்டில் வைத்து அறை வாசலில் வைத்தாள்.

மார்ச் 4, திங்கள்

இரண்டாமாண்டு வரலாறு வருகைப் பதிவேட்டில் யுவஸ்ரீயின் பெயரைச் சிவப்பு மையில் அடித்தேன். அவள் கடைசி எண். மற்றவர்களுடைய எண்கள் மாறவில்லை.